செங்கம் வரைக்கும் மூச்சு

ஆடி 9, வெள்ளி

அடி பூச்சி, காலையிலிருந்து காற்றுதான். கொடியில் போட்ட துணி பக்கத்து நிலத்துக்குப் போய்விட்டது. மழை இல்லை.

உன் மாமியார் போன். அடுத்த வெள்ளி உனக்குப் பூவாடை. தாலியோடு போனவளை வருஷம் திரும்பியதும் ஏரிக்கரையில் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கரகத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுச் சேலை வைத்துப் படைக்கிறது.

"சம்மந்தி, பெத்தவ கூப்புட்டாதான் அவ வருவா. நீங்க வந்தே ஆவணும்."

வரேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மூக்கில் இருக்கிற குழாய் ஞாபகம் வந்தது. அது அடுப்படி வரை நீளும். வாசலுக்கு வராது. மறுமுனையில் சுவரில் சொருகிய ஆக்சிஜன் மெஷின். உன் ஊரோ செங்கம் தாண்டி.

போன வருஷமும் இதே குழாய். நீ காய்ச்சலில் போனபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உன் தம்பி செந்தில்தான் எடுத்துக்கொண்டு போனான். நான் போனில் பார்த்தேன். போனைப் பிடித்தவர்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். உன் கால் மட்டும் தெரிந்தது.

ஆடி 11, ஞாயிறு

வெயில். முருங்கைக்கீரை, ரசம். சாப்பிடப் பிடிக்கவில்லை.

வழிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டும் என்றதும் கார்க்காரன் வரமாட்டேன் என்கிறான். சிலிண்டர் வெடித்தால் வண்டியை யார் கொடுப்பது என்று கேட்டானாம்.

செந்தில்: "என் லோடு வண்டிலயே பெரிய சிலிண்டரக் கட்டி, பக்கத்துல உன்னியும் கட்டிடறேன்மா."

அவன் பெண்டாட்டி கலா: "வழியில எவனாவது அத்தய சிலிண்டர்னு நெனச்சி எறக்கிடப் போறான்."

சிரித்தேன். சிரித்தால் இருமல். இருமல் நிற்கும்வரை ரெண்டு பேரும் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்கள். ரைஸ் மில் களத்தில் உமித்தூசியில் கிடந்த காலமெல்லாம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

நீ இருந்தால் திட்டியிருப்பாய். திட்டு வாங்க ஆசையாக இருக்கிறது.

ஆடி 13, செவ்வாய்

மேகமூட்டம். காலையில் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரி. விரலில் கிளிப்பை மாட்டி வராந்தாவில் நடக்கவிட்டார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். உன் வயசு இருக்கும். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருக்கிறது, உன்னை மாதிரி. அதையே பார்த்ததில் டாக்டரம்மா கேட்டது காதில் விழவில்லை. மறுபடி கேட்டது.

"எங்கம்மா போப்போறீங்க?"

"பொண்ணு வூட்டுக்கு."

விரல் கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தேன்.

"போய்ட்டு வாங்க, பொண்ணு சந்தோஷப்படும்" என்று சொல்லி, வெளியூருக்குத் தூக்கிப்போகிற மெஷினுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது.

அங்கிருந்து வில்லியனூர். ஆஸ்பத்திரிச் சாமான் வாடகைக்கு விடுகிற பாய் கடை. தோளில் மாட்டுகிற பை அளவில் ஒரு மெஷின். சிலிண்டரே இல்லை. வெளிக்காற்றை இழுத்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருமாம். நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் புஸ் என்று விடுகிறது. காரிலேயே சார்ஜ் போடலாம்.

பாய் சொன்னார், "நெருப்புகிட்ட மட்டும் போவாதீங்கக்கா. கற்பூரம், ஊதுபத்தி எதுவும் ஆவாது."

"படையலுக்குப் போறம் பாய். பொண்ணுக்கு."

கொஞ்ச நேரம் மெஷினையே துடைத்துக்கொண்டிருந்தார். "அப்ப வாசல்ல குந்திக்குங்க. அங்கருந்து பாத்தாலும் புள்ள புள்ளதான்."

மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தேன். சுவர் இல்லாமல், வயர் இல்லாமல். பூக்காரி "இன்னாக்கா, ஆளையே காணோம்" என்றாள். ஒன்றும் வாங்காமல் அங்கேயே நின்றேன்.

எடுத்துவைக்க: பேட்டரி 2. சார்ஜர். குழாய் கூட ஒன்று. டாக்டர் சீட்டு. மாத்திரை. சேலை, கத்தரிப்பூ கலர். கண்ணாடி வளையல், உன் அளவு கலாவுக்குத் தெரியும்.

ஆடி 15, வியாழன்

விடியக்காலை மெஷினைப் போட்டால் சிவப்பு விளக்கு. ஒரே கத்தல். புஸ் வரவில்லை. செந்தில் நிறுத்தி நிறுத்திப் போட்டான். சிலிண்டர் இல்லை என்றதும் ஒத்துக்கொண்ட கார்க்காரன் வாசலில் ஹாரன் அடிக்கிறான். நான் சுவர்க் குழாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போக முடியாது என்றே முடிவு செய்துவிட்டேன்.

செந்தில் பாய்க்குப் போன் போட்டான்.

"பக்கத்துல சல்லட மாதிரி இருக்கும். அதுல இன்னா இருக்குது பாரு."

"சந்தனம் பாய்."

"சந்தனமா?"

"புது மெஷினாச்சேன்னு ராத்திரி பொட்டு வச்சேன். கொஞ்சம் பெருசா."

"நல்லவேள, எலுமிச்சங்கா நசுக்காம வுட்டியே. கழட்டிக் கழுவி, நல்லாக் காயவச்சிப் போடு."

காற்றை இழுக்கிற வழியையே அடைத்து வைத்திருக்கிறான். கலா கழுவினாள். ஃபேனுக்கு அடியில் காயவைத்தாள். பச்சை விளக்கு வந்தபோது செந்தில் அழுதுவிட்டான். அவனுக்கு நீதானே அக்கா.

விழுப்புரம், திருவண்ணாமலை. உன் கல்யாணத்துக்கு வேனில் போன வழி. நீ வாந்தி எடுத்த புளியமரம் அப்படியே நிற்கிறது.

உன் வீடு. உன் செருப்பை உன் மாமியார் போட்டிருக்கிறார்கள். "எடுத்துவச்சி இன்னா பண்றது சம்மந்தி, தேயட்டும்" என்றார்கள். கோபம் வரவில்லை. அந்தச் செருப்புச் சத்தத்துக்குத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஆடி 16, வெள்ளி

சாயங்காலம் ஏரிக்கரை. காற்று அடங்கியிருந்தது. கற்பூரத்தை எட்டத்தில் கொளுத்தச் சொல்லி, என்னை இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். மாப்பிள்ளை தலையில் கரகம். இளைத்துப் போயிருக்கிறார். பம்பைக்காரர் அடித்து நிறுத்தினார்.

"கூப்புடும்மா. முழுப் பேரு. சத்தமா."

வாயைத் திறந்து மூச்சை இழுத்தேன். "அமு" வந்தது. மீதி வரவில்லை. மெஷின் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. வாயால் இழுத்தால் அதற்குத் தெரியாதாம்.

"மூக்கால இழும்மா, மூக்கால" என்றான் செந்தில்.

மூக்கால் இழுத்துக்கொண்டு எப்படிக் கத்துவது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் "அமு".

"வுடுங்க சம்மந்தி, நான் கூப்புடறேன்" என்று உன் மாமியார் முன்னால் வந்தார்கள். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை. அதே பாதி.

அந்த நேரம் கரகத்திலிருந்து ஒரு பூ விழுந்தது. "வந்துட்டா" என்றார் பம்பைக்காரர். பம்பை அடித்தார்கள். பொம்பளைங்க குலவை விட்டார்கள். எல்லோரும் உன்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். நான் கடைசி.

பாய் சொன்னபடி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே படையல். கத்தரிப்பூ சேலை இங்கிருந்தே தெரிகிறது. அம்மா கூப்பிட்டதும் வந்துவிட்டாள் என்று எல்லோருக்கும் நிம்மதி. நான்தானே கூப்பிட்டேன், எனக்குத் தெரியும். அமுதவல்லியில் பாதிகூட வெளியே வரவில்லை.

பாதிப் பேருக்கே வந்துவிட்டாயா, இல்லை மீதிக்காக இன்னும் அந்தக் கரையிலேயே நிற்கிறாயாடி?