பின்சுவரில் அப்பா கட்டும் லிஃப்ட்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை, சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் மட்டும் முன்னே பின்னே இருக்கிறது. அங்கே நீ நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன், போன வாரம் போனில் இருமினாய், அது நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. அடிக்கடி பேசுகிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நீங்கள் இருவரும் போல்ட், நட்டு என்று ஆரம்பித்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது சாப்பிட்டாயா என்கிற ஒரு கேள்விதான். அதனால்தான் ஆய்வகத்தில், சாப்பாட்டு இடைவேளையில், சோதனைக்கு வந்த தண்ணீர்க் குப்பிகளை ஒருபக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு இதைக் கையால் எழுதுகிறேன். முடித்ததும் படமெடுத்து அனுப்புவேன். அப்பாவிடம் படித்துக் காட்டாதே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா உன்னிடம் கேட்டுக் கேட்டுப் பின்சுவரில் ஒரு லிஃப்ட் கட்டுகிறாரே, அது தண்ணீர் கேனுக்கும் காய்கறிப் பைக்கும் இல்லை. அதில் பெரியப்பா உட்கார்ந்து நம் மாடியிலிருந்து கீழே இறங்குவதாக இருந்தது. அப்பா உன்னிடம் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், தொடங்கியபோது அது கேனுக்குத்தான். கதவு தானாகச் சாத்திக்கொள்ள சைக்கிள் செயினும் எடைக்கல்லும் கட்டி அது பேப்பர் போடுகிறவரின் முதுகில் அறைந்ததே, அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்று நானும் விட்டுவிட்டேன். சுவரில் தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புச் சேனல்களை இறக்கி, நடுவே ஒரு பலகையை ரோலரில் ஓடவிட்டு, மேலே கட்டட வேலைக்குச் செங்கல் தூக்கும் மோட்டாரை மாட்டி, முதல் கேன் மேலே ஏறிய அன்று பெரியப்பா பின்ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேன் ஏறி வந்ததும் கைதட்டினார். அப்புறம், "ஏண்டா தம்பி, கேன் ஏறுதுன்னா நான் எறங்க மாட்டேனா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. அன்றைக்கே வெல்டரைக் கூப்பிட்டு அந்தப் பலகையில் ஒரு நாற்காலியை வைத்து நான்கு காலையும் பற்றவைத்துவிட்டார்.

பெரியப்பாவுக்குக் கால் எடுத்ததிலிருந்து என்ன பாடு என்பது உனக்கு முழுதாகத் தெரியாது, போனில் அவர் உன்னிடம் கிண்டல் மட்டும்தான் பேசுகிறார். ஆயுளில் பாதியை பஸ் ஓட்டிக் கழித்த மனுஷன், வீட்டில் ஓரிடத்தில் உட்கார மாட்டார் என்று எல்லோரும் குறைசொன்ன மனுஷன், இப்போது அந்தப் பின்னறையில் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருக்கிறார். ஒருமுறை புண்ணுக்குக் கட்டு மாற்ற நாலு பேர் நாற்காலியோடு படியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், திருப்பத்தில் நாற்காலி சாய்ந்து அவர் தலை சுவரில் இடித்தது. "பீரோவை எறக்கற மாதிரி எறக்காதீங்கடா, பீரோவுக்காவது உள்ள சாமான் இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரையும் தூக்க விடவில்லை, நர்ஸ்தான் வீட்டுக்கு வந்துபோகிறாள். படிக்கட்டில் ஓடும் நாற்காலி போடுகிற கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து அளந்து பார்த்து, இவ்வளவு குறுகலான படியில் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். கீழே தையல் யூனிட், அது நம்முடையது இல்லை. தரைத்தளத்தில் வேறு வீடு பார்த்தேன், பார்த்த வீட்டுக்கெல்லாம் வாசலிலேயே படிகள் இருந்தன. ஆகவே அப்பாவிடம் செய்யாதீர்கள் என்று சொல்லும்போது, பிறகு என்ன செய்வது என்கிற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதை அவரும் அறிவார்.

நீ சொன்ன பதில்களில் ஒன்றிலும் தப்பில்லை, அதை நீ மனதில் வைத்துக்கொள். கம்பிக்கயிறு எவ்வளவு தடிமன் என்று கேட்டார், சொன்னாய். சுவரில் எந்த போல்ட் என்று கேட்டார், சொன்னாய். இந்தக் கயிறு பத்து மடங்கு எடை தாங்கும் என்று நீ ஒருநாள் சொன்னதை அவர் வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொன்னார், பால் போடுகிறவரிடம்கூட. நான் வாயைத் திறந்தால், "பத்து மடங்குன்னு இன்ஜினியர் மகளே சொல்லிட்டா, நீ தண்ணி டெஸ்ட் பண்ற ஆளு" என்பார். கயிறு அறுமா என்று மட்டும்தான் இந்த வீட்டில் எல்லோரும் யோசித்தோம். கயிறு அறாமலேயே ஒருவர் விழ முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தது போன மாதக் கடைசியில்.

அன்றைக்குப் பெரியப்பாவின் எடைக்கு மணல் மூட்டை கட்டி நாற்காலியில் வைத்துச் சோதனை. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, மூட்டைகளை இஸ்திரி போட்ட துணி மாதிரி நடுவில் சதுரமாக அடுக்கினார். முதலில் அருமையாக இறங்கியது, ஏறியது. கீழே தையல்காரப் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். திரும்ப இறக்கும்போது மேல் மூட்டை இடதுபக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. பாதி வழியில் பலகை சேனலில் சிக்கி நின்றுவிட்டது. மேலே மோட்டார் நிற்கவில்லை. இறங்கும்போது மோட்டார் இழுப்பதில்லை அல்லவா, கயிற்றை விட்டுக்கொண்டே இருக்கிறது, எடைதான் பலகையைக் கீழே கொண்டுபோகிறது. பலகை சிக்கியது மோட்டாருக்கு எப்படித் தெரியும்? கயிறு துணிக்கொடி மாதிரித் தொய்ந்து வந்தது, நான் சமையலறை ஜன்னலிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கத்துவதற்குள் சிக்கல் விடுபட்டுப் பலகை தடாலென்று விழுந்து, தொய்ந்த கயிற்றின் முனையில் ஒரு உலுக்கலோடு தொங்கியது. மூட்டை கிழிந்து கீழே தைத்து வைத்திருந்த சட்டைகளின் மேல் மணல் கொட்டியது. அந்தப் பெண்கள் திட்டுகிறார்கள், நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அப்பா இரண்டு கையையும் தூக்கி, "பாத்தியா, கயிறு தாங்கிடுச்சு!" என்கிறார். வெல்டர், "சூப்பர் சார், கொஞ்சம் கிரீஸ் வச்சா வெண்ணெய் மாதிரி எறங்கும்" என்கிறான். விழுந்ததையே சோதனையில் தேறிவிட்டதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு இயந்திரம் தெரியாது. ஆனால் சமையலறை மேசையின் இழுப்பறையை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு மாட்டும், நடுவில் பிடித்து இழுத்தால் வரும், அகலம் அதிகமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கிற இழுப்பறை இன்னும் மோசமாக மாட்டும். அப்பாவின் பலகை இரண்டு கை அகலம், அதன் ரோலர்களோ மேலுக்கும் கீழுக்கும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கின்றன. நான் நினைப்பது சரியா தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. பெரியப்பாவுக்கு வலது கால் தொடையிலிருந்து இல்லை. அவர் எங்கே உட்கார்ந்தாலும் இடதுபக்கம் சாய்ந்து அந்தப் பக்கத்துக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார். சதுரமாக உட்கார அவர் மணல் மூட்டை இல்லை. எங்கள் ஆய்வகத்தில் முதல்நாள் சொல்லிக்கொடுப்பதே ஜனங்கள் குடிக்கிற தண்ணீர் எதுவோ அதைப் பிடித்துவா என்பதுதான், தெளிவாகத் தெரிகிற தண்ணீராகப் பார்த்துப் பிடித்துவந்தால் அறிக்கை அழகாக இருக்கும், ஊர் வாந்தியெடுக்கும். இதை அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ரோலருக்கு கிரீஸ் வைத்தார்.

சரி, பெரியப்பாவிடமே சொல்லிப் பார்ப்போம் என்று போனேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், சந்தேகமும் கேட்டார், பஸ்காரர் அல்லவா, பிரேக் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். ஜன்னலுக்கு வெளியே தொங்கிய கயிற்றைப் பார்த்தார். பிறகு, "பிரேக் இல்லாத வண்டியும் ஓட்டியிருக்கேம்மா, எறங்கற எடம் தெரிஞ்சா போதும்" என்றார். விளையாடாதீங்க என்றேன். "விளையாடல. தெருமுனை வரைக்கும் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரணும், அவ்வளவுதான்" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை மாலை நான் வேலை முடிந்து வந்தபோது பின்பக்கம் கூட்டமாக இருந்தது. மறுநாள் காலை இறக்குவதாகப் பேச்சு. பெரியப்பா முகம் மழித்து, அவருடைய நல்ல சட்டையைப் போட்டு, தலைவாரி ஜன்னலில் உட்கார்ந்திருந்தார், மறுநாளுக்கான ஏற்பாட்டுக்கு அன்றைக்கே தயாராகிவிட்டார். அப்பா ஸ்பேனரோடு பலகையடியில் குனிந்திருந்தார். எனக்குக் கோபம்கூட வரவில்லை, சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தேன். அதனால் வேறொன்றும் யோசிக்காமல், "நாளைக்கு வரைக்கும் எதுக்கு, இப்ப முதல்ல நான் உட்கார்றேன், அவர் மாதிரியே இடதுபக்கம் சாஞ்சு உட்கார்றேன், ஏத்தி இறக்குங்க" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினேன்.

"நீ வேண்டாம்" என்றார் அப்பா. அவர் யோசித்துச் சொல்லவில்லை. தும்மல் வருவதுபோல அது வந்துவிட்டது. வெல்டர் கையுறையைக் கழற்றி அதற்குள் எதையோ தேடுகிறவன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. மேலே ஜன்னலிலிருந்து பெரியப்பாதான், "டேய் தம்பி, அவ என்னைவிட எடை கம்மிதானேடா" என்றார். குரலில் கோபமே இல்லை, உண்மையிலேயே விளங்காத ஒன்றைக் கேட்பதுபோல இருந்தது. அப்பா ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அதிலிருந்து மோட்டாரை யாரும் போடவில்லை. அதன் மேல் அப்பா ஒரு பழைய போர்வையைக் கட்டி மூடிவைத்திருக்கிறார். பெரியப்பா அந்தச் சட்டையை மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்திருக்கிறார், நாற்காலியைத் திருப்பச் சொல்லி இப்போது டிவி பக்கம் பார்த்து உட்காருகிறார். கிண்டல் குறையவில்லை, குழம்பில் உப்பு ஜாஸ்தி என்கிறார், லிஃப்ட் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அப்பா மாத்திரை கொடுக்க மட்டும் அந்த அறைக்குள் போகிறார், கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார். முந்தாநாள் நான் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து துடைத்து வைத்தபடி, "அண்ணன் விழட்டும்னா நான் நினைச்சேன்?" என்று கேட்டார். இல்லை என்று எனக்குத் தெரியும். தம்பி அண்ணனைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை, அந்த ஆசைதான் மற்றதைப் பார்க்க விடவில்லை. நான் இன்னொரு தட்டை நீட்டினேன், துடைத்தார். நான் தடுக்க நினைத்தது நின்றுவிட்டது. நின்ற பிறகு வீடு முன்னைவிட மோசமாக இருக்கிறது, எனக்கு எதைப் பிடித்து எங்கே இழுப்பது என்று புரியவில்லை.

உன்னிடம் நான் கேட்பது, அப்பாவைக் கண்டிக்காதே. அவரே நிறுத்திவிட்டார், அதற்கு மேல் கண்டிக்க ஒன்றுமில்லை. ரோலர்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும், கயிறு தளர்ந்தால் மோட்டாரை நிறுத்துகிற, பலகை விழப்போனால் சேனலையே கவ்விப் பிடிக்கிற ஏற்பாடு ஏதாவது உண்டா, நம் வெல்டர் கையில் அது ஆகுமா, தெரிந்தவர் யாரையாவது நேரில் வரச்சொல்ல வேண்டுமா, இதையெல்லாம் நன்றாக யோசி. வீட்டில் செய்யவே கூடாத வேலை என்றால் அதையும் மழுப்பாமல் சொல், ஆனால் அதைப் பெரியப்பாவிடம் நீயே சொல், நீ சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார். இனி அப்பா எந்த போல்ட்டைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன் அதன் மேல் யார் உட்காரப்போகிறார்கள் என்று கேள்.

இருமல் இன்னும் இருந்தால் டாக்டரைப் பார், போனவருடத்து மருந்தையே எடுத்துக் குடிக்காதே. வேலையில் நல்ல பெயரோடும் உடம்பில் தெம்போடும் நீ நீண்டநாள் இருக்க வேண்டும், அப்பாவும் பெரியப்பாவும் தங்கள் வாயால் சொல்லியிருக்க வேண்டிய ஆசியையும் சேர்த்து நானே இதில் எழுதிவிடுகிறேன். உடனே பதில் போடு. அந்த நாற்காலியைக் காட்டி அப்பா என்னைப் பார்த்து, "நீ உட்காரு" என்று பயமில்லாமல் சொல்ல முடிகிற மாதிரி ஏதாவது வழி இருந்தால் அதை எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா