ஒன்று அடித்து, பத்து எண்ணு

1974 மே 1, புதன்

ஓய்வு. சாமியார் சொன்ன வார்த்தை அதுதான்.

“ஆறு வருஷமா ஒரு நாள் லீவு எடுக்கலை சூசை. மே மாசம் பூரா ஓய்வா இரு. நல்லா தூங்கு. ரேடியோ கேளு.”

சொல்லிவிட்டுக் கோயில் சாவியை வாங்கிக்கொண்டார்.

ரேடியோ கேளுவாம். குத்திக் காட்டுகிறார். ஈஸ்டர் பூசையில் காணிக்கை எடுக்கும் நேரம், ஆர்மோனியத்தில் என் விரல் தானாக ஒரு சினிமாப் பாட்டுக்குப் போய்விட்டது. நாலே நாலு வரி மெட்டு. பையன்கள் பெஞ்சில் தாளம் போட்டார்கள். அன்றைக்கு அவர் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குத் தெரியாதா?

அந்த ஆர்மோனியத்தை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஒருத்தரும் இல்லை. சிலோன் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக நானே கண்டுபிடித்தது. ஓய்வாமே ஓய்வு. வெளியே போடான்னு சொல்றதுக்கு ஒரு நல்ல வார்த்தை.

மே 2

என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டான். பாண்டிச்சேரி பஸ்ஸில், கையில் தோல்பெட்டி. சாமியாரின் அக்கா மகன், பெயர் மதலைமுத்து. புத்தகத்தைப் பார்த்து வாசிப்பானாம். புத்தகத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

சாயங்கால மணி மூன்று நிமிஷம் லேட். ரேடியோவில் ஆறு அடித்ததை வைத்துப் பார்த்தேன்.

மே 3

மத்தியான மணி நாலு நிமிஷம் லேட். எழுதி வைக்கிறேன். எல்லாத்தையும் எழுதி வைப்பேன்.

மே 5, ஞாயிறு

பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நல்லா வாசிக்கிறான். அதில்தான் வயிறு எரிகிறது.

திரும்பி வரும்போது உப்பளத்து ரோட்டில் பாஞ்சாலை அக்கா. தலையில் கூடை, முழங்கால் வரை உப்பு.

“என்னடா சூசை, மாப்பிள்ளையாட்டம் சுத்துற?”

“லீவுக்கா.”

“மணிக்காரனுக்கு லீவா? அப்ப சூரியனுக்கும் குடுக்கச் சொல்லேன் உங்க சாமியாரை. நாங்களும் கொஞ்சம் நிழல்ல குந்துவோம்.”

சிரித்துவிட்டு நின்றாள். “ஏன்டா, அந்தப் புதுப் பையனுக்கு மழை மணி தெரியுமா?”

“கேட்டா சொல்லித் தருவேன்.”

மழை மணியை நான் நினைக்கவே இல்லை. மேற்கே மேகம் ஏறினால் மணிக்கூண்டில் இருப்பவனுக்குத்தான் முதலில் தெரியும். பாத்தியில் குனிந்து நிற்பவர்களுக்கு உப்பின் வெள்ளைக் கூச்சம்தான் தெரியும். அதனால் விடாமல் கடகடவென்று இழுத்து அடிப்போம். அளம் பூராவும் உப்பை வாரி மேட்டில் ஏற்றி ஓலை போட்டு மூடிவிடும். இது கோயில் சட்டத்தில் இல்லை. இந்த ஊரில் மட்டும் உண்டு.

அவன் வரட்டும். வந்து கேட்கட்டும்.

மே 7

சோறு இறங்கவில்லை. நாலு நாளாய் இப்படித்தான். அம்மா விடியலில் பாஞ்சாலையோடு அளத்துக்குப் போகிறாள், வந்து என் தட்டைப் பார்க்கிறாள்.

“உன் மூஞ்சியைப் பாத்தாலே பயமா இருக்குதுடா.”

“பாத்துக்கினே இரு. ஒரு நாள் இந்த ஊரே என் பேரைச் சொல்லி அழும்.”

தட்டை எடுத்த அம்மாவின் கை அப்படியே நின்றது. நான் என்ன தப்பாகச் சொன்னேன்?

மே 9

வந்தான்! வீடு தேடி வந்தான். கையில் நோட்டு, பேனா. “அண்ணே” என்கிறான். வாழைப்பழம் வேறு.

“பாஞ்சாலையம்மா கேட்டாங்க அண்ணே, மழை மணி அடிக்கத் தெரியுமான்னு. எப்படி அடிக்கணும்?”

“உங்க ஊர்ல சாவுக்கு எப்படி அடிப்பீங்க?”

“அங்கெல்லாம் அடிக்கறதில்லீங்க. வண்டிச் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போகுது?”

அப்போதுதான் எனக்குள் ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

“எழுதிக்க. ஒண்ணு அடிக்கணும். பத்து எண்ணணும். அப்புறம் அடுத்தது. அப்படியே போகணும்.”

எழுதினான். “மழைக்கு இவ்ளோ மெதுவாவா அண்ணே?”

“கோயில் மணி பதறக் கூடாதுப்பா. உங்க மாமாவுக்குப் பிடிக்காது.”

தலையாட்டினான். அழகான கையெழுத்து.

நான் சொன்னது சாவு மணி.

இங்கே சாவு மணி கேட்டால் அளத்தில் உப்பு வாரும் வாரப்பலகையைக் கீழே போட்டுவிடுவார்கள். இந்துவோ கிறிஸ்தவனோ, செத்தது யார் என்று தெரியும்வரை உப்பைத் தொட மாட்டார்கள். தொட்டால் அந்தப் பாத்தி விளையாது என்பது பேச்சு. எல்லாரும் கோயிலுக்குத்தான் வருவார்கள். வந்து அவனைக் கேட்கட்டும், யாருப்பா செத்தது என்று. ஊரே கைகொட்டிச் சிரிக்கட்டும். மறுநாள் தோல்பெட்டியோடு பஸ் ஏறட்டும்.

இரண்டு பழம் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

மே 11

ரேடியோவில் பூராவும் ரயில் ஸ்டிரைக். எனக்கு வானிலை அறிக்கைதான் வேண்டும். வறண்ட வானிலையாம். சே.

ஒரு தூறல் போதும். ஒரே ஒரு கருமேகம்.

மே 13, திங்கள்

எழுத வரவில்லை. எழுதியே ஆகணும்.

மூணு மணி இருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அடி. நான் ரேடியோவைக் குறைத்தேன். பத்து எண்ணினேன், சரியாகப் பத்தில் அடுத்த அடி. சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன்.

மூணாவது அடிக்கு வாசலுக்கு வந்து மேற்கே பார்த்தேன். தூறல் மேகம் இல்லை அது. பனைமரத்துக்கு மேலே கருங்கல் சுவர் மாதிரி நிற்கிறது. மணிக்கூண்டுக்கு ஓட்டமாய் ஓடினால் ரெண்டு நிமிஷம். கயிறைப் பிடுங்கிக் கடகடவென்று இழுத்திருந்தால் பாதி உப்பாவது மிஞ்சியிருக்கும். நான் போகல. நாலு. அஞ்சு. நின்னு எண்ணிக்கினே இருந்தேன்.

எல்லாரும் கோயிலுக்குத்தான் போவார்கள் என்று நினைத்தேன். அம்மா வீட்டுக்கு ஓடி வந்தாள். முந்தானை மண்ணில் இழுபட, கால் ரெண்டும் உப்புநீரில் வெள்ளையாக. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து வந்து என் முகத்தை, கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“நீ இல்ல. நீ இல்ல. நீ இல்லடா.”

ஊரே என் பேரைச் சொல்லி அழும்னு நான்தானே சொன்னேன். அது இப்படியா கேட்டிருக்கும் அவளுக்கு?

மழை அரை மணி நேரம். அவ்வளவுதான் பெய்தது. அவ்வளவு போதும்.

மே 14

பாத்தியில் ஒரு மணி உப்பு இல்லை. ஒன்பது நாள் விளைச்சல். அம்மாவுடையதும், பாஞ்சாலையுடையதும்.

நேற்று கோயிலில் நடந்ததை அம்மாதான் சொன்னாள். பாஞ்சாலை கயிற்றுக்கிட்டேயே போய் நின்றாளாம்.

“செத்தது யாருப்பா? பேரைச் சொல்லு.”

“மழைங்க.”

“மழையா செத்துச்சு? மழை செத்திருந்தா நாங்க ஏன்டா நனையறோம்?”

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லையாம்.

யார் இப்படி அடிக்கச் சொன்னது என்று சாமியார் கேட்டிருக்கிறார். அவன், “நான்தான் தப்பா எழுதிட்டேன் மாமா” என்றானாம்.

தப்பா எழுதினானா? என் கண் எதிரில் எழுதினான். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

சாமியார் ஆள் அனுப்பியிருக்கிறார். நாளையிலிருந்து வா, சாவியை வாங்கிக்கோ என்று. ஜெயித்துவிட்டேன். ஜெயித்தது இப்படியா இருக்கும்?

மே 15

மணிக்கூண்டுக்குப் போனேன். உள்ளங்கையில் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தான்.

“ஏன் சொல்லலை?”

“சொல்லி என்னாகப் போவுது அண்ணே? உப்பு திரும்பி வருமா? ஜூன் ஒண்ணாந்தேதி நான் காலேஜுக்குப் போயிடுவேன். நீங்கதான இந்த ஊர்ல இருக்கணும்.”

“ஜூன் ஒண்ணாந்தேதியா?”

“ஒரு மாசத்துக்குத்தானே வந்தேன். மாமா உங்ககிட்ட சொல்லலையா? லீவுன்னா லீவுதான் அண்ணே.”

நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தான். கீழே அழகான கையெழுத்தில்: ‘சொன்னவர் சூசை அண்ணன்.’

என்னை அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். காப்பாத்திட்டான் பாவி. இதைவிடப் பெரிய பழி யாரால் வாங்க முடியும்?

கயிறைப் பிடித்து மழை மணி எப்படி என்று காட்டினேன். அடிக்காமல், கையால் மட்டும்.

மே 17

நேற்று அளத்துக்குப் போய் அந்தத் தாளைப் பாஞ்சாலையிடம் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்டினேன். அம்மா பக்கத்துப் பாத்தியில் நின்றாள், நிமிரவில்லை.

பாஞ்சாலை வாரப்பலகையை என் காலடியில் போட்டாள்.

“எடு. ஒம்பது நாள்.”

சாமியாரிடமும் சொன்னேன். சாவியை நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். ஜூன் வரட்டும், பார்க்கலாம் என்றார்.

இன்று இரண்டாவது நாள். குதிகால் வெடித்து உப்பு ஏறுகிறது, பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை. மத்தியானம் கோயில் மணி அடித்தது. அம்மா கையை நிறுத்தி எண்ணினாள். மூன்று, மூன்று, மூன்று என்று வழக்கமான ஜெப மணியாக முடிந்த பிறகுதான் தூக்குவாளியைத் திறந்தாள். எனக்கும் ஒரு கை சோறு வைத்தாள்.

மணி ரெண்டு நிமிஷம் லேட். யாரிடமும் சொல்லவில்லை.