கன்டனில் காணாத பெண்கள்

டண்டினொங் சந்தையில் நேற்று ஒரு பருத்திச் சட்டையை விரித்துப் பார்த்தேன். புதுத்துணியின் கஞ்சி மணம் மூக்கில் ஏறியதும் கடைக்காரர் சொன்ன விலை காதில் விழவில்லை. மனக்கண்ணில், பயணப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நீங்கள் அந்த நாளைய நம் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றீர்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. உங்களைக் கலியாணம் முடித்து மெல்பேர்னுக்கு வந்த புதிது. நான் பிரன்ஸ்விக்கில் ஒரு தொழிற்சாலையில் சட்டைக்குக் கொலர் தைத்தேன். நீங்கள் துணி இறக்குமதிக் கம்பனியொன்றில் கொள்முதல் பார்த்தீர்கள். சீனாவோடு அப்போதுதான் உறவு திறந்திருந்தது. குவாங்டொங் மாகாணத்துக்கு வெளிநாட்டுப் பணம் வேண்டியிருந்தது, உங்கள் முதலாளிக்கு மலிவான சட்டை வேண்டியிருந்தது. கன்டன் நகரில் நடக்கும் வர்த்தகச் சந்தைக்கு உங்களை அனுப்பினார்கள். ஹொங்கொங்கிலிருந்து ரயிலில் போய், எல்லைப் பாலத்தை நடந்து கடந்து, மறுபக்கம் வேறு ரயில் ஏறியதைச் சின்னப் பிள்ளைபோல விவரித்தீர்கள்.

பிறகு மாதிரிச் சட்டையொன்றை என் கையில் தந்தீர்கள். "நீர் தைக்கிற ஆள். பாத்துச் சொல்லும்."

கொலரைத் திருப்பிப் பார்த்து, நல்ல தையல் என்றேன். உங்கள் முகம் மலரவில்லை.

இங்கே அரசாங்கம் இறக்குமதி வரியை முன்பே குறைத்திருந்தது. அந்தச் சட்டைகள் கடைகளுக்கு வரவர எங்களுக்கு வேலை குறைந்தது. அடுத்த குளிர்காலத்தில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கடைசி நாள் என்னைக் கூட்டிப்போக வந்தீர்கள். என் பக்கத்து மெஷினில் தைத்த கிரேக்கப் பெண் எலெனி, நம் வீட்டில் சாப்பிட்டுப் பழகியவள், வாசலில் அழுதுகொண்டு நின்றாள். நான் மறிக்க முதலே அவளிடம் போய், அந்தச் சட்டைகளைச் சீனாவில் வாங்கி இங்கே இறக்குகிறவர்களில் நீங்களும் ஒருவர் என்று சொல்லிவிட்டீர்கள்.

அவள் சத்தம் போடவில்லை. "அதைத் தைக்கிற பெண்களையாவது பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்றீர்கள். சந்தை மண்டபத்தையும் அதிகாரிகளையும்தான் பார்த்திருந்தீர்கள். எலெனி அதற்குப் பிறகு நம் வீட்டுப் படி ஏறவில்லை.

வேலையை விடப்போவதாகச் சொன்னீர்கள். இரண்டு சம்பளமும் போனால் வாடகைக்கு என்ன செய்வது என்று நான்தான் மறித்தேன். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் தொழிற்சாலையைக் காட்டும்படி கேட்டீர்கள். மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே மாகாணத்தின் ஏற்றுமதி வளர்வதைப் பற்றிப் பேசுவாராம். கடைசியில் ஒருமுறை கூட்டிப்போனார்கள், அதுவும் ஒரு விடுமுறை நாளில்.

வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தீர்கள். "ஒருத்தரும் இல்லை. ஒரு மெஷினுக்குப் பக்கத்திலை நீலக் கம்பளிச் சட்டை ஒண்டு கொழுவிக் கிடந்தது. முழங்கையிலை ஒட்டுப் போட்டிருந்தது."

நான் குனிந்து உங்கள் சப்பாத்தைக் கழற்றினேன்.

அந்தக் கம்பளிச் சட்டையைக் கொழுவிய பெண்ணுக்கும் இப்போது என் வயதிருக்கலாம். அந்த வேலையால் அவள் வீட்டில் அடுப்பு எரிந்ததா, பிறகு அந்த வேலையும் வேறு நாட்டுக்குப் போய்விட்டதா, தெரியாது. என் வேலையை எடுத்தவள் என்று அவளை வெறுக்கப் பார்த்தேன். முடியவில்லை. உங்களையும் முடியவில்லை.

எலெனி உயிரோடு இருக்கிறாளோ தெரியாது. எங்கேயாவது கண்டால், அந்தப் பெண்களைப் பார்க்க நீங்கள் போனீர்கள் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும்.