ஆறாம் கட்டில் அக்கா

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுத ஆசைதான், கை வரவில்லை. சபையில் பிரசங்கம் பண்ணிப் பண்ணியே என்னை இந்தக் காசநோய் வார்டுக்குச் சேவை செய்ய அனுப்பிவிட்டாய். பயமாக இருக்கிறது அண்ணா. முகக்கவசத்தின் மேல் இன்னொன்று போட்டும், யாராவது இருமினால் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

ஆறாம் கட்டிலில் குப்பை பொறுக்கிப் பிழைத்த ஒரு அக்கா. கேட்க நாதியில்லை. நேற்று அவர் கால்மாட்டில் நின்று, கண்ணை மூடி, நெடுநேரம் ஜெபித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மூடிக்கொண்டால் அவரைப் பார்க்க வேண்டாமே! திறந்தபோது அவர் தரையில் கிடந்தார். தண்ணீரை எடுக்க எட்டி விழுந்திருக்கிறார். பதறிப்போய்த் தூக்கினேன். "ஏம்மா, உங்க சாமிகிட்ட கண்ணத் தொறந்துக்கிட்டுப் பேசக் கூடாதா?" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

வா என்று ஒரு வார்த்தை எழுது. ஓடி வந்துவிடுகிறேன்.

உன் பயந்தாங்கொள்ளி


ஜூன் 9

அன்புத் தங்கச்சிக்கு,

உடனே கிளம்பு. தொழுநோயாளியை இயேசு தொட்டார் என்று தொண்டை கிழியப் பேசியவன் நான்தான். ஆனால் அவர் கர்த்தர் அம்மா, நாம் வெறும் மனுஷர். உன் கடிதம் வந்ததிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கும்தான்.

ஒன்று மட்டும். வந்ததும் நேரே வீட்டுக்குள் வராதே. சபைக்குப் பின்னால் இருக்கிற அறையைக் கழுவி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இருக்கிற வீடு, கோபித்துக்கொள்ளாதே.

அண்ணன்


ஜூன் 15

அண்ணா,

பெட்டியைக் கட்டிவிட்டுத்தான் அந்த அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். நகம் வளர்ந்து கீறுகிறது என்றார். வெட்டிவிட உட்கார்ந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு அவர் விரலைப் பிடித்தேன்.

"உனக்கும் பயமா? எனக்குச் சாகறதுக்குப் பயம்மா. கொஞ்ச நேரம் கூடவே இரேன்."

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் இதைத்தானே கேட்டார்! வியர்த்து, கலங்கி, கூட விழித்திருக்க ஆள் தேடினாரே. பயமே அறியாதவர் என்று நினைத்து இத்தனை வருஷம் அவரைத் தூரத்திலேயே வைத்திருந்தேன். அவர் யாரென்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. பத்து நகத்தையும் வெட்டி முடித்தேன். பெட்டியை அவிழ்த்துவிட்டேன்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நாலு நாளாக எனக்கும் இருமல். சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை தெரிந்துவிடும். நோய்தான் என்றால் இங்கேயே ஒரு கட்டிலில் படுக்க வைப்பார்கள்.

அப்போது நீ உள்ளே வந்து என் பக்கத்தில் உட்காருவாயா? பயந்துகொண்டே வந்தாலும் போதும் அண்ணா.

தங்கை