பழைய லோடின் அட்டை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் என் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்றாய், ஜலதோஷம் என்றேன். ஜலதோஷமெல்லாம் இல்லை கண்ணு, போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை டேங்கரில் ஆசிட் ஏற்றி வந்தேன், பாலத்துக்கிட்டே வால்வில் கசிவு. வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை நிறுத்தி, தீயணைப்புக்குப் போன் போட்டு, காற்று வருகிற பக்கமாகத் தள்ளிப்போய் வண்டிகளை மறித்தேன், எல்லாம் முறைப்படிதான். கசிந்தால் எதைச் செய்யலாம், எது கூடாது என்று லோடுக்கு லோடு ஒரு அவசர அட்டை தருவார்கள், கேபின் கதவுப் பையில் இருக்கும். லோடு இறக்கியதும் எடுத்துவிட வேண்டும். நாங்கள் எங்கே எடுக்கிறோம், எந்தக் கம்பெனி கேட்டில் எந்த அட்டையைக் கேட்பானோ என்று எல்லாவற்றையும் சேர்த்தே செருகி வைப்போம். அன்றைக்கு முன்னால் இருந்தது முந்தின லோடின் அட்டை, தண்ணீர் அடிக்கச் சொல்கிற அட்டை. இந்த ஆசிட்டில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். தீயணைப்புக்காரர் அதைப் படித்துவிட்டுக் குழாயைத் தூக்கினார், நான் கத்திக்கொண்டே ஓடினேன், அதற்குள் தெறித்துவிட்டது. அவருக்கு வலது கண் போய்விட்டது கண்ணு.

லோடிங் குமாஸ்தா தப்பான அட்டையைத் தந்தான் என்று எழுதிக்கொடு, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன் என்கிறார் முதலாளி. அந்தக் குமாஸ்தாவை முத்திரை என்றுதான் கூப்பிடுவோம், மூன்று இடத்தில் குத்தாமல் கேட்டைத் திறக்க மாட்டான், கண்டாலே எரிச்சல் வரும். ஆனால் சரியான அட்டையைத்தான் தந்தான், நான்தான் பின்னால் செருகினேன். ரெண்டு வருஷத்தில் ஓய்வு, இப்போ போய் இதெல்லாம் தேவையா என்கிறாள் உன் அம்மா. அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

நேற்று அந்தத் தீயணைப்புக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார். நீங்க கத்தினதாலதான் சார் முகத்தைத் திருப்பினேன், இல்லேன்னா ரெண்டு கண்ணும் போயிருக்கும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நாளைக்கு விசாரணை, உள்ளதைச் சொல்லப்போகிறேன், லைசென்ஸ் போனால் போகட்டும். நீ அம்மாவுக்கு அடிக்கடி போன் பண்ணு, வேளாவேளைக்குச் சாப்பிடு, கோபத்தைக் குறைத்துக்கொள், ரெண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் இருங்கள். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன், ஊரார் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. பழைய அட்டையை முன்னால் விட்டுவைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன், அவர் போகச் சொல்லும் வரைக்கும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா