எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிறவர்

ஜூலை 9, புதன்

காலையிலிருந்தே காற்று. கடையில் வைத்திருந்த விண்ணப்பப் படிவம் இரண்டு பறந்து, தாலுகா ஆபீஸ் கேட் வரைக்கும் ஓடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஜெராக்ஸ் மெஷினில் டோனர் தீரப் போகிறது. மறக்காமல் சொல்லணும்.

ஏழுமலை லீவில் வந்து பன்னிரண்டு நாள். (பெயர் இந்த டைரியில் மட்டும்தான். நேரில் 'இன்னாங்க'.) பதினோரு வருஷமாக கல்ஃபில் ஒரு ரிஃபைனரியில் வேலை. இன்று மெயில் வந்திருக்கிறது. சென்னைப் பக்கம் ஒரு ரிஃபைனரியில் இதே வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். 16ஆம் தேதி வீடியோவில் இன்டர்வியூ. கிடைத்தால் வாராவாரம் வீட்டுக்கு வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் 27ஆம் தேதி ஃபிளைட், அப்புறம் முகத்தைப் பார்ப்பது அடுத்த வருஷம்தான்.

மெயிலைப் படித்துவிட்டு அவர் சொன்னது: "ம்."

எனக்கு ஒரு நாளைக்கு ஆகிற பேச்சு இந்த மனுஷனுக்கு ஒரு லீவு முழுக்க வரும்.

கடையில் என்னோடு இருக்கிற ஷமீம் அக்கா கேட்டார்: "உங்க வீட்டுக்காரரு அங்க இன்னா வேல பாக்கறாரு கஸ்தூரி? பெட்ரோல் போடறாரா?"

"ஆயில் கம்பெனிக்கா" என்றேன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. பதினோரு வருஷமாக ஊருக்கெல்லாம் இதே பதில். இன்று ஏனோ வெட்கமாக இருந்தது.

ஜூலை 10, வியாழன்

வெயில். மதியம் கரண்ட் போய் வந்தது. பாப்பாவுக்கு ஸ்கூலில் பேரன்ட்ஸ் மீட்டிங், இவரையே அனுப்பினேன். போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். டீச்சர் என்ன சொன்னார் என்றால் "நல்லா படிக்கறாளாம்".

சமையலறையில் பிடித்து உட்கார வைத்தேன்.

"இன்டர்வியூல வேல இன்னான்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"டீசால்ட்டர் பாத்துக்கறேன்."

"அப்டின்னா?"

"எண்ணெயில தண்ணி இருக்கும். எடுக்கணும்."

"எப்டி எடுப்பீங்க?"

"கரண்ட்ல."

இந்தப் பதிலுக்கு எவன் வேலை கொடுப்பான்? வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பிடுங்கியதை எழுதி வைக்கிறேன், 16க்கு முன்னால் நானே கேள்வி கேட்கணும்.

- பூமியிலிருந்து வருகிற கச்சா எண்ணெயில் தண்ணீர் பொடிப்பொடித் துளியாகக் கலந்திருக்கும். அந்தத் தண்ணீரில் உப்பு.
- உப்போடு உள்ளே விட்டால் போகப் போகக் குழாயெல்லாம் அரித்துவிடும்.
- அதை எடுக்க முதலில் இன்னும் கொஞ்சம் நல்ல தண்ணீர் சேர்க்கிறார்கள்! (இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். உண்மைதானாம். துணி அலசுகிற மாதிரி.)
- அப்புறம் ஒரு பெரிய டிரம். படுக்க வைத்தது. டவுன் பஸ்ஸைவிட நீளம். உள்ளே கம்பி வலை தொங்கும். அதில் இருபதாயிரம் வோல்ட்.
- துளிகள் அந்த வேகத்தில் நீளமாக இழுபட்டு, ஒன்றின் தலை இன்னொன்றின் வாலைப் பிடிக்கும். ஒட்டிப் பெரிசாகும். கனம் வந்ததும் கீழே இறங்கும்.
- மேலே எண்ணெய் வெளியே போகும். கீழே உப்புத் தண்ணீர்.

"தண்ணியும் கரண்டும் ஒண்ணா இருந்தா ஷாக் அடிக்காதா?"

"நடுவுல எண்ணெய் இருக்குது இல்ல. அதுல கரண்ட் போவாது."

கரண்ட் போகாத இடத்தில் கரண்ட் வேலை செய்கிறது. வெங்காயம் கருகிப் போனது.

ஜூலை 12, சனி

கண்ணால் பார்க்கணும் என்று பிடிவாதம் பிடித்தேன். யோசித்துவிட்டு ஒரு லிஸ்ட் சொன்னார்:

ஜாம் பாட்டில். பார்சல் டப்பாவின் அலுமினியத் தகட்டில் வெட்டிய துண்டு இரண்டு. இன்சுலேஷன் டேப். கொசு பேட் (பாப்பா மிதித்து வலை நசுங்கினது). கொசுவைச் சுடுகிற கரண்ட் இதற்குப் போதுமாம். வலையைக் கழற்றி, அந்த ஒயர் இரண்டையும் தகட்டில் சேர்த்தார். கை என்ன நிதானம்!

எண்ணெய் நான் தயார் செய்தேன். தொண்டூரிலிருந்து கொழுந்தனார் கொடுத்தனுப்பிய செக்குக் கடலை எண்ணெய், உப்புத் தண்ணீர். நல்லா கலக்கணுமே என்று மிக்சியில் ஊற்றி மூன்று ரவுண்டு. மோர் மாதிரி வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

பேட் சுவிட்சை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. விட்டார். நான் தகட்டைச் சரி செய்யக் கை வைத்தேன். முழங்கை வரை சுளீர்.

"சுவிட்ச விட்டாலும் கொஞ்ச நேரம் உள்ள நிக்கும்" என்றார். இதை முன்னாடியே சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா?

திரும்ப அமுக்கினார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"எதுல கலக்கின?"

"மிக்சில. மூணு ரவுண்டு."

சத்தமாகச் சிரித்தார். நான் இவர் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"நானும் இதான் செஞ்சேன்."

கல்ஃபுக்குப் போன இரண்டாவது வருஷமாம். டிரம்முக்கு முன்னால் ஒரு வால்வு. எண்ணெயும் தண்ணீரும் அதன் இடுக்கு வழியாகப் போகும்போது கலக்கும். இறுக்கினால் நன்றாகக் கலந்து உப்பு நிறையக் கழுவப்படும். அன்று உப்பு அதிகம் என்று லேப்பிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். நல்ல பேர் வாங்க நினைத்து, யாரையும் கேட்காமல் வால்வை இறுக்கிவிட்டார். துளியெல்லாம் மாவாகிவிட்டது. கச்சா எண்ணெயில் ஒவ்வொரு துளிக்கும் மேலே தோல் மாதிரி ஒன்று இருக்குமாம், இவ்வளவு பொடியானால் எந்தக் கரண்டாலும் ஒட்ட வைக்க முடியாது. எண்ணெயும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் நடுவில் ஒரு நுரை வளர்ந்து, மேலே ஏறிக் கம்பி வலையைத் தொட்டுவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் டிரிப் ஆகி நின்றுவிட்டது. மொத்த யூனிட்டும் மறுநாள் மதியம் வரை தடுமாறியதாம்.

"வேல போச்சுன்னுதான் நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"போன்ல இன்னான்னு சொல்றது?"

ஜூலை 13, ஞாயிறு

பாக்கெட் எண்ணெய். அரை ஸ்பூன் உப்புத் தண்ணீர். மிக்சி கிடையாது, மூடி போட்டுக் கையால் குலுக்கினார், அவ்வளவுதான். மஞ்சளாகக் கலங்கி நின்றது.

சுவிட்சை அமுக்கினதும், ஐயோ, என்ன சொல்வது! தகடுகளுக்கு நடுவில் கலங்கல் நடுங்கியது. இழை இழையாக ஏதோ ஓடியது. பார்த்துக்கொண்டே இருக்கும்போதே ஜவ்வரிசி மாதிரி முத்து முத்தாகத் திரண்டு, அசைந்து அசைந்து கீழே போய் உட்கார்ந்தது. நடுவில் எண்ணெய் கண்ணாடியாக நின்றது. அதன் வழியாகச் சுவரில் ஒட்டியிருந்த பாப்பாவின் டைம்டேபிள் தெரிந்தது.

யாரும் வடிகட்டவில்லை. யாரும் சூடு பண்ணவில்லை. திரும்பத் திரும்பக் குலுக்கச் சொல்லி நான் பார்த்ததில் பாட்டில் மூடி லூசாகிவிட்டது. தோசைக்கு எண்ணெய் இல்லை. வாங்கணும்.

அதைவிட அதிசயம்: பாட்டில் கையில் இருந்தால் இவர் பேசுகிறார். அரை மணி நேரம்! பாட்டிலைக் கீழே வைத்ததும் 'ம்'. புதன்கிழமை இன்டர்வியூ கடைக் கம்ப்யூட்டரில்தான், பாட்டிலும் கடைக்கு வருகிறது.

அந்த வால்வு விஷயம் எப்போது என்று கேட்டேன். "பாப்பாவுக்கு மொட்ட அடிச்ச வாரம்" என்றார். பீரோவில் பழைய டைரியைத் தேடி எடுத்தேன். அன்று எழுதியிருக்கிறேன்: "போன் வந்தது. சாப்ட்டேன், தூக்கம் வருது என்றார். மொட்டை போட்டோ அனுப்பியும் ஒரு வார்த்தை இல்லை. கோபத்தில் நானே வைத்துவிட்டேன்."

வேலை போகுமோ என்று ராத்திரி முழுக்கத் தவித்திருந்த ஆள். நான் போனை வைத்திருக்கிறேன். டைரியை மூடி உள்ளே வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

செய்ய வேண்டியது: யு.பி.எஸ். பேட்டரி பார். ஃபேன் சத்தம். நீலச் சட்டை அயர்ன். ஷமீம் அக்காவிடம் ஷட்டர் சாவி.

ஒத்திகையில் சண்டை.

"இதுவரிக்கும் எப்பனா டிரிப் ஆயிருக்குதா, உங்களால?" என்று கேட்டேன். கதையைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"யூனிட்டையே படுக்க வெச்சவன எவன் எடுப்பான்? இல்ல சார்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்த பதிலு உங்களுக்கு நல்லாவே வருமே."

"ம்."

சரி என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா? இவர் 'ம்'முக்கு ஒரு அகராதி போடணும்.

ஜூலை 16, புதன்

முடிந்தது. கெடுத்துவிட்டார்.

பதினொரு மணி. ஷட்டர் பாதி. நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஸ்டூலில். ஸ்கிரீனில் இரண்டு பேர், நரைத்த தலை இன்ஜினியர் ஒருவர், ஆபீஸ் மேடம் ஒருவர். எல்லாம் இங்கிலீஷில்தான், எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். பாட்டிலைக் கேமராவுக்குக் காட்டி விளக்கினார். இன்ஜினியர் கொசு பேட்டைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் அந்தக் கேள்வியே வந்தது. உங்கள் கையால் எப்போதாவது டிரிப் ஆகியிருக்கிறதா?

இவர் பாட்டிலை மேஜையில் வைத்தார். வெளியே யாரோ பெரியவர், "பட்டா ரெண்டு பக்கமும் எடுக்கணும்மா" என்கிறார். "செத்த இருங்க, உள்ள பரீட்ச நடக்குது" என்கிறார் ஷமீம் அக்கா. நான் 'இல்ல சார், இல்ல சார்' என்று வாயை அசைக்கிறேன். இவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"ஆமா சார். ஒரு தடவ."

எல்லாவற்றையும் சொன்னார். யாரும் சொல்லாமல் தானே இறுக்கினது, நல்ல பேருக்காக இறுக்கினது, அதுவரை. எப்படிச் சரி செய்தீர்கள் என்று கேட்டார் அந்த இன்ஜினியர். எனக்கே இது தெரியாது. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு டிரம் பக்கத்திலேயே நின்றாராம். டிரம்மின் பக்கவாட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சின்னக் குழாய்கள் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து டப்பாவில் பிடித்துப் பார்க்கணும். இதில் எண்ணெய், இதில் நுரை, இதில் தண்ணீர். அந்த மாதிரி நேரத்தில் தண்ணீர் மட்டம் காட்டுகிற மீட்டரை நம்பவே முடியாதாம். நுரை ஒரு குழாய் இறங்க மணிக்கணக்கு ஆகும். மறுநாள் மதியம் கடைசிக் குழாயில் சுத்தமான தண்ணீர் வந்திருக்கிறது. அன்றிலிருந்து, மீட்டர் சரியாக இருந்தாலும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் போய் எல்லாக் குழாயையும் திறந்து பார்க்கிறாராம். யாரும் செய்யச் சொன்னதில்லையாம்.

இன்ஜினியர் கேட்டார்: அதற்கப்புறம் அந்த வால்வை எத்தனை நாள் கழித்துத் தொட்டீர்கள்?

"அன்னிக்கே சார். ஷிஃப்ட் இன்சார்ஜ் என்னையேதான் தொறக்க சொன்னாரு."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். நன்றி, தகவல் சொல்கிறோம். ஸ்கிரீன் கறுப்பு.

வரும் வழியெல்லாம் திட்டினேன். காய்கறிக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. வீட்டு வாசலில் நின்று சொன்னார்:

"நாளைக்கு எனக்குக் கீழ ஒருத்தன் அதயே செஞ்சிட்டு வந்து நின்னா, நான் அவன்கிட்ட இன்னான்னு பேசறது?"

கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டேன். கோபம் மட்டும் இருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். கூழ் வார்க்கிற இடத்தில் மைக் செட் ஆரம்பித்துவிட்டது. கடையில் கூட்டம் இல்லை.

கோபம் போய்விட்டது. காலையில் திருவண்ணாமலை பஸ் புகை விட்டுக்கொண்டு போனதைப் பார்த்தபடி நின்றேன். அந்த டீசல் கச்சா எண்ணெயாக இருந்தபோது எந்த ஊரிலோ ஒரு ஆள் டப்பாவோடு குழாய் குழாயாகத் திறந்து பார்த்திருப்பான். இத்தனை வருஷம் பஸ்ஸில் போகிறேன், ஒரு நாளாவது நினைத்தேனா?

ஷமீம் அக்காவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். துளி, கம்பி வலை, தோல், வால்வு. பேப்பரில் படம் போட்டே காட்டினேன்.

"ஏன்மா, இவ்ளோ பெரிய வேலையவா ஆயில் கம்பெனின்னு முடிச்ச?" என்றார்.

எனக்கே தெரியாதே அக்கா. எனக்கு இவரை ரொம்பப் பிடித்திருக்கிறது. கல்யாணமாகி இவ்வளவு காலம் கழித்து எழுதுகிறேன், எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இருக்கட்டும்.

ஜூலை 21, திங்கள்

மெயில் இல்லை. தூறல்.

பெட்டி இறக்கியாயிற்று. முறுக்கு, இட்லிப் பொடி, தைலம், பனியன் ஆறு, பாப்பா வரைந்த படம். பெட்டியைப் பார்த்ததும் பாப்பா பேசாமல் மாடிக்குப் போய்விட்டாள். நைனா லீவு முடியும்போதெல்லாம் இப்படித்தான். இவர் பின்னாலேயே போனார். இரண்டு பேரும் அங்கே என்ன பேசினார்களோ, பேசாமல் இருந்தார்களோ.

நான் முறுக்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே அழுதேன்.

ஜூலை 23, புதன்

பத்தரை மணிக்குக் கடைக்கு வந்தார். டோனர் மாற்ற உதவிக்குத்தான். போன் அடித்தது. அந்த ஆபீஸ் மேடம். ஸ்பீக்கரில் போட்டார்.

கிடைத்துவிட்டது.

அந்த நரைத்த தலை இன்ஜினியர், இவர்தான் வேண்டும் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஷமீம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, காது மட்டும் சிவந்துவிட்டது.

27ஆம் தேதி போய் நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாசம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பணும். அது முடிந்து எப்போது சேர்கிறீர்கள், செப்டம்பரில் எந்தத் தேதியானாலும் சரி என்றார் மேடம். இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கஸ்தூரி, எந்த தேதி சொல்லட்டும்?"

பதினோரு வருஷம். லீவுத் தேதி கம்பெனி சொல்லும். ஃபிளைட் தேதி கம்பெனி சொல்லும். இரண்டு தடவை கடைசி நேரத்தில் மாற்றினார்கள். என் நைனா செத்தபோது, கருமாதியெல்லாம் முடிந்து நாலாம் நாள்தான் இவருக்குத் தேதி கிடைத்தது. என்னிடம் யாரும் எந்தத் தேதியும் கேட்டதில்லை.

சுவர்க் காலண்டரில் செப்டம்பரைத் திருப்பினேன். முப்பது கட்டமும் காலியாக இருந்தது. ஒரு எண்ணும் கண்ணில் நிற்கவில்லை, எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

பின்னால் இவர் போனில் சொல்வது கேட்டது: "ஒரு நிமிஷம் மேடம். வீட்ல பாத்துனு இருக்காங்க."

அந்த மேடம் காத்திருந்தார்.