எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர்

சனி, ஜூலை 19
ஆடிக் காற்று. காயப்போட்ட யூனிபார்ம் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். வேதியியல் ரெக்கார்ட் பாக்கி.

காலையில் துணி மூட்டைகளோடு எங்கள் வேன் அவிநாசி ரோட்டில் நின்றுவிட்டது. வெள்ளைப் புகை. அப்பா போனில், "சும்மா சூடாயிருச்சு கண்ணு. அம்மாகிட்டச் சொல்லாத." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா பக்கத்தில்.

மாலை ஒர்க்‌ஷாப். மெக்கானிக் அண்ணன் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். கறுப்பே இல்லை. பால் கூடிப்போன காப்பி நிறம், நுரை வேறு.

"ஏனுங்க, ஆயில் குறையவே இல்லீங்களா?"

அப்பா பெருமையாக, "ஒரு சொட்டுக் கொறையலீங்க. போன வாரம் ஏறியே இருந்துச்சு."

"ஏறுனது ஆயில் இல்லீங்க. ரேடியேட்டர் தண்ணி உள்ள எறங்கியிருக்குது."

அப்பா கம்பியை வாங்கித் துடைத்து, மறுபடி விட்டு உருவிப் பார்த்தார்.

ஞாயிறு, ஜூலை 20
எஞ்சின் மேல்பாகத்தைக் கழற்றினார்கள். எண்ணெயும் தண்ணீரும் சேராமல் காக்கும் கேஸ்கெட், ஓரத்தில் அரித்துப் போயிருந்தது. காரணம் நாங்கள்தான். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறையும்போதெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றியது உப்புப் போர் தண்ணீர். நல்ல தண்ணீர் வருவதே வாரம் ஒருமுறை, அதை வேனுக்கா ஊற்றுவது?

அம்மா: "பருப்பே வேகாத தண்ணியப் போயி ஊத்திப்போட்டீங்களே!"
அப்பா: "கொடத்துல புடிச்சுக் குடுத்ததே நீதான்."

எனக்குப் புரிந்தது: எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்குக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம். அதனால்தான் இரண்டும் உரசாமல் சுற்றுகின்றன. தண்ணீர் கலந்தால் படலம் நிற்காது. இரும்பை இரும்பு தேய்க்கும். கூலண்டும் எண்ணெயும் சேர்ந்து பசையாகி வழிகளை அடைக்கும்.

நாளை கிராங்கைப் பார்ப்பார்கள். கோடு விழாவிட்டால் பிழைக்கும். விழுந்திருந்தால் வேனை எடைக்குப் போட வேண்டியதுதானாம்.

நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது வந்த வேன். தாராபுரம் அத்தை வீட்டுக்குப் போகையில் மூட்டைகள்மேல் படுத்துக்கொள்வேன். புதுத் துணியின் கஞ்சி மணம். திருப்பங்களில் நான் உருளாமலிருக்க அம்மா பின்னால் கை நீட்டி என் காலைப் பிடித்துக்கொள்வார். அமராவதிப் பாலத்தில் அப்பா ஆற்றுக்கு வணக்கம் என்று ஹாரன் அடிப்பார். ஆறு காய்ந்து கிடந்தாலும்.

திங்கள், ஜூலை 21
கணக்குத் தேர்வு சுமார். கிராங்கில் கோடு விழுந்திருக்கிறது. தடவினேன், நகம் மாட்டியது.

"எடைக்குப் போட்ருங்க," என்றார் மெக்கானிக் அண்ணன்.

அப்பா கதவுப் பிடியைத் தொட்டுக்கொண்டே நின்றார். அம்மாதான் கேட்டார். "வேற எஞ்சின் கெடைக்காதுங்களா? இனி நல்ல தண்ணியே ஊத்தறோம்."

"எந்தத் தண்ணியும் வேண்டாமுங்கக்கா, கூலண்டே ஊத்துங்க. எஞ்சின் தேடிப் பாக்கறேன்."

வியாழன், ஜூலை 31
தூறல். விபத்தில் நொறுங்கிய ஒரு வேனின் எஞ்சினை எங்களுடையதில் பூட்டியாயிற்று. அப்பா அழைத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தார்.

பள்ளி விட்டதும் கேட் அருகே புத்தகத்தோடு நின்றேன். நிமிர்ந்து பார்க்க வேண்டியதே இல்லை. எங்கள் வேன் தெருமுனை திரும்பும்போதே சத்தத்தில் தெரிந்துவிடும், எத்தனை வண்டி நடுவிலும். இன்று ஏதோ ஒரு வண்டி மிக அருகில் வந்தது. தலை தூக்காமல் ஒதுங்கி வழிவிட்டேன்.

"ஏனுங்க அம்மணி, ஏறலீங்களா?"

அப்பா.